சந்தியில் ஊற்றிய சிவப்புத் தண்ணீர்

கழிப்பு வைப்பது என்றால் என்னவென்று தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் வளர்ந்த உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நீங்களும் என்னைப் போல முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிற வயதுக்கு வந்துவிட்டீர்கள். ஆனாலும் முச்சந்தியில் வெட்டின எலுமிச்சம்பழம் கிடந்தால் இன்றைக்கும் ஓரமாகத்தான் போவீர்கள், என்னிடம் மறைக்காதீர்கள். கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போன நம் பிள்ளைகள்தான் அதைத் தாண்டிக் குதித்துப் போகிறதுகள். அதுகளுக்காகச் சொல்கிறேன். ஒருவரைப் பிடித்த பிணியையோ கண்ணையோ இறக்கி, பூசணிக்காய் கீறி, எலுமிச்சம்பழம் வெட்டி, சிவப்புத் தண்ணீர் ஊற்றி, மூன்று பாதை கூடுகிற இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவதுதான் கழிப்பு. மிதித்தவரை அது பிடித்துக்கொள்ளும் என்பார்கள். வேண்டாத ஆள் மிதிக்கட்டும் என்றே பார்த்து வைக்கிறவர்களும் உண்டு என்பார்கள்.

எங்கள் அம்மா அப்படி வைத்தவள் என்றுதான் தோட்டத்தில் இன்றுவரை பேச்சு. அவள் வைக்கவில்லை. நான் கூடவே இருந்தேன். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள், அப்பாவின் அக்காவான எங்கள் அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அத்தையின் காலுக்காகத்தான் இத்தனை வருடம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இனிக் கட்ட வேண்டியதில்லை. சொல்லும்போது எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கத்திடமிருந்து தோட்டத்தைக் கம்பெனி எடுத்த மறு வருடம் அது. யட்டியாந்தோட்டைப் பக்கத்து றப்பர் தோட்டம் எங்களுடையது. அப்பாவும் அக்காவும் பால்வெட்டுக்குப் போவார்கள். அம்மா பங்களா குசினியில் சமையல். தோட்டத்தை நடத்தப் புதிதாக வந்த துரைக்கு வயது குறைவு. அவர் மனைவி, நாங்கள் நோனா என்று சொல்வோம், அவரைவிடச் சின்னவர். கொழும்பில் படம் வரையப் படித்த சிங்களவராம். வந்த முதல் வாரமே சாப்பாட்டு மேசை விரிப்பைச் சுருட்டி வைத்துவிட்டு வர்ணப் பெட்டியைப் பரப்பிவிட்டார்.

நான் பள்ளிக்கூடம் விட்டு நேரே பங்களா குசினிக்குப் போவேன். அங்கே ஏதாவது தின்னக் கிடைக்கும் என்றுதான் போவேன், ஆனால் நோனாவின் கண் விழுந்த பண்டம் எனக்குக் கிடைக்காது. அம்மா சிவப்பரிசியில் பாற்சோறு கிண்டி, தட்டில் கொட்டித் தட்டி, சாய்சதுரமாக வெட்டி வைத்திருப்பாள். நோனா வந்து பார்ப்பார். ஒரு விரலை உயர்த்துவார். அவ்வளவுதான், அதை யாரும் தொடக் கூடாது. முன் விறாந்தையில் வெளிச்சம் விழுகிற மேசைக்கு அது போகும். பக்கத்தில் ஒரு செம்பருத்தி, ஒரு கீற்றுப் பூசணிக்காய், பாதியாக வெட்டின எலுமிச்சம்பழம். பிறகு நோனா உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். வரைவதைவிடப் பார்ப்பதுதான் அதிகம். பாற்சோறு காய்ந்து வெடிக்கும். எனக்கு வயிறு இழுக்கும். அம்மா ஈ விரட்ட ஒரு துவாயோடு பக்கத்தில் நிற்பாள். சோற்றுக்கு விசிறி வீசின குசினிக்காரி இந்த நாட்டிலேயே எங்கள் அம்மா ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஆனால் படத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். எல்லாம் தண்ணீரில் கரைக்கிற வர்ணம். தூரிகையை நனைத்து ஒரு இழு இழுப்பார். தாளில் மஞ்சள் தானாகப் பரவி ஓரத்தில் கொஞ்சம் தடித்து நிற்கும், பார்த்தால் பூசணிக்காய்ச் சதை. தோலுக்கும் சதைக்கும் நடுவில் இருக்கிற பச்சைக் கோட்டைக்கூட விட மாட்டார். படத்தைச் சுற்றிக் கரை போடுவது அவர் வழக்கம். பன்சலை என்கிற பௌத்தக் கோயில் சுவரில் ஓடுகிற கொடி, பாயில் பின்னுகிற கட்டம், கொக்கிஸ் பலகாரம் சுடுகிற அச்சில் இருக்கிற பூ, எதைக் கண்டாலும் கரையாக்கிவிடுவார். ஒரு நாள் அம்மாவை விறாந்தையில் கோலம் போடச் சொன்னார். அம்மா புள்ளி வைத்து, கோட்டை வளைத்து வளைத்து ஒரு சிக்குக் கோலம் போட்டாள். நோனா தரையில் முழங்கால் போட்டு அதை அப்படியே தாளில் எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

வேலை முடிந்து கிளம்பும்போது எங்கள் கையில் இரண்டு சாமான் இருக்கும். ஒன்று, அன்று படத்துக்கு வைத்த பண்டம். வெட்டாத காயை நோனா எங்களுக்கே தந்துவிடுவார். வெட்டிக் காய்ந்ததும் புளித்த சோறும்தான் மிச்சம். சோற்றைக் குப்பையில் கொட்ட அம்மாவுக்கு மனசு வராது. காக்காயாவது தின்னட்டும் என்று வாழையிலையில் வாரி எடுத்து வருவாள். மற்றது, தூரிகை கழுவின தண்ணீர், ஒரு ஜாம் போத்தலில். குசினித் தொட்டியில் ஊற்றினால் கறை பிடிக்குமாம், பூப்பாத்தியில் ஊற்றினால் செடிக்கு ஆகாதாம். அதை நான் ஏந்தி வருவேன். பங்களாப் பாதையும் லயத்துப் பாதையும் கீழ் டிவிசன் பாதையும் சேருகிற இடத்தில் ஒரு பலா மரம் நின்றது. அதன் அடியில் அம்மா இலையை வைப்பாள், நான் போத்தலைக் கவிழ்ப்பேன். ரம்புட்டான் காலம் அது. நோனா வாரக்கணக்கில் ரம்புட்டானும் செம்பருத்தியும்தான் வரைந்தார். தண்ணீர் இரத்தச் சிவப்பாக இருக்கும். பொழுது மங்குகிற நேரம், மழை வேறு இருட்டிக்கொண்டு வரும், வீட்டில் உலை வைக்க வேண்டும். அம்மா திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று நடப்பாள்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். எங்களுக்குத்தான் புரியவில்லை. வேறொருவர் அப்படி வைத்திருந்தால் முதலில் ஒதுங்கி நடக்கிறவள் அம்மாதான். தான் வைத்துவிட்டு வருவது மற்றவர்கள் கண்ணுக்கு என்னவாகத் தெரியும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவளுக்கு அது நோனாவின் மிச்சம், அவ்வளவுதான்.

அந்த வருடம் ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை கீழ் டிவிசனில் இருந்த அத்தை மகன், எங்கள் மச்சான். அக்காவுக்கு அவன் மேல் உயிர். பால் நிறுக்கிற இடத்துக்கு மச்சான் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தால் இவளுடைய வாளி தானாக அந்தப் பக்கம் போகும். வேறு மாப்பிள்ளை பார்த்தால் மருந்தைக் குடித்துவிடுவேன் என்று அம்மாவிடமே சொன்னவள். அத்தை லேசுப்பட்டவள் இல்லை. தாயில்லாத அப்பாவை வளர்த்தவள். அம்மாவை அவளுக்கு ஆகாது, அம்மாவுக்கும் அவளை ஆகாது. ஆனாலும் அம்மா வாய் நிறைய மதினி என்றுதான் கூப்பிடுவாள். அக்காவுக்காக இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த காலம்.

அப்போதுதான் மழை பிடித்தது. மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை, உங்களுக்குத் தெரியும். சனமெல்லாம் காம்பரா வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் குந்திக்கொண்டு பேசுவதற்கு ஆள் தேடின நாட்கள். அத்தைக்குக் கணுக்காலில் அட்டை கடித்தது. அட்டை கடிக்காத கால் நம் தோட்டத்தில் ஏது? ஆனால் அவள் அதைச் சொறிந்துவிட்டாள், புண்ணோடு சேற்றில் நடந்துவிட்டாள். கால் வீங்கி, முழங்கால் வரை சிவந்து, குளிர்க்காய்ச்சல் வந்து படுத்தாள். படுத்த இடத்தில் யோசித்தாள். மழைக்கு முந்தி ஒரு விடியற்காலை, வெட்டுக்குப் போகும்போது பலா மரத்தடியில் காலில் ஏதோ பிசுபிசுத்ததும், குனிந்து பார்த்தால் எலுமிச்சம்பழமும் சிவந்த மண்ணும் கிடந்ததும் அவளுக்கு ஞாபகம் வந்தது.

கேட்டவர்களுக்கெல்லாம் அதைச் சொன்னாள். தோட்டத்துக் காவல்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பொழுது சாய்கிற நேரத்தில் பங்களாச் சமையல்காரியும் அவள் மகளும் அங்கே எதையோ வைத்து, சிவப்பாக எதையோ ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவதைப் பல தடவை கண்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். பொய் சொல்லவில்லை மனுசன். கண்டதைத்தான் சொன்னார்.

செய்தி எங்கள் லயத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் அம்மாவுக்கு முன்னால் நின்ற பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். அம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. நோனா படம் வரைகிற சாமான் அது என்று எல்லாரிடமும் விளக்கினாள். ஒருவரும் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? வயிறு நிறையச் சோறு கண்டிராத சனத்திடம் போய், ஒருத்தி நல்ல பூசணிக்காயைக் கீறி, எலுமிச்சம்பழத்தை வெட்டி, சோற்றை ஆறப்போட்டு, தின்னாமல் உட்கார்ந்து பார்க்கிறாள் என்றால் எவர் நம்புவார்? சோத்தை யாராவது படம் போடுவாங்களா என்று கேட்டு ஒரு கிழவர் இருமி இருமிச் சிரித்தார்.

அத்தை வீட்டில் பார்த்துக்கொள்ளப் பெண்பிள்ளை இல்லை. அக்கா போய் அங்கேயே தங்கினாள். மருமகளாகப் போகிறவள், போகத்தானே வேண்டும். அத்தையின் காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு, வருகிற போகிற சனம் தன் தாயைப் பற்றிப் பேசுவதை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டு இருந்தாள். அவள் பங்களாப் பக்கமே போகாதவள். நோனாவின் மேசையை அவள் கண்ணால் கண்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை ஆள் அனுப்பினாள். கழிப்பு வைத்தவள் அதை எடுக்கும்வரை கல்யாணப் பேச்சு வேண்டாம் என்று செய்தி. அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டார். அம்மாவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

மறு நாள் அவள் நோனாவிடம் போய் நின்றாள். எங்கள் பக்கத்து ஆட்கள் போல அம்மாவுக்கும் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் சூனியம், கழிப்பு என்று நோனாவிடம் எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது அவளுக்கு. எங்கள் நாத்தனார் நோயாகப் படுத்திருக்கிறா, உங்கள் படம் ஒன்றைப் பார்க்க ஆசைப்படுகிறா, ஒரு நாளைக்குத் தருவீர்களா என்று மட்டும் கேட்டாள். இதுதான் அம்மா செய்த பிசகு. நோனா முகமெல்லாம் மலர்ந்து, தருவதென்ன, நானே வருகிறேன் என்றுவிட்டார். லயத்து ஆட்கள் தன் படத்தைக் கேட்கிறார்கள் என்றால் எந்தச் சித்திரக்காரிக்குத்தான் உள்ளம் குளிராது?

குடை பிடித்துக்கொண்டு, படத்தைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு, சேற்றில் சப்பாத்து வழுக்க வழுக்க நோனா கீழ் டிவிசனுக்கு இறங்கி வந்தார். துரையின் மனைவி லயத்துக்கு வந்தால் சும்மாவா? இஸ்தோப்பு நிறையச் சனம். கோயில் பூசாரியும் அங்கேதான் இருந்தார், அத்தைக்கு விபூதி போட வந்தவர். அத்தையை வாசலுக்குக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் அக்கா. நோனா பொலித்தீனை அவிழ்த்து, படத்தை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தார்.

பூசணிக்கீற்று. அதன் மேல் சரிந்த பாதி எலுமிச்சம்பழம். சிவப்பரிசிப் பாற்சோறு. செம்பருத்தி. சுற்றிலும் நாலு பக்கமும் புள்ளிபுள்ளியாக வைத்து வளைத்த கோடு.

நோனா சிரித்த முகத்தோடு, "லஸ்ஸனய் நேத?" என்று கேட்டார். அழகாக இருக்கிறதல்லவா என்று. நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பூசாரி கிட்டப் போய்ப் பார்த்துவிட்டுத் தமிழில் சொன்னார். "இது படமில்ல. நாலு பக்கமும் கட்டுப் போட்ட மந்திர எந்திரம்."

"அது கோலம் சாமி" என்றாள் அம்மா. "நான் போட்ட கோலம். நோனா பாத்து எழுதினாங்க."

நான் போட்டது என்ற வார்த்தைதான் எல்லார் காதிலும் விழுந்தது. கூட்டம் ஒரு அடி பின்னால் போனது. என்ன பேசுகிறார்கள் என்று நோனாவுக்கு விளங்கவில்லை. நோயாளிக்குப் படம் பிடித்துவிட்டது, கூச்சத்தில் பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் போல. படத்தை அத்தைக்கே தருகிறேன் என்று சொல்லி, வாசற்படியில் சாய்த்து வைத்து, அத்தையின் தலையைத் தொட்டுவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார். நல்ல மனசுதான் அவருக்கு. அந்த நல்ல மனசு எங்களைச் சந்தியில் நிறுத்திவிட்டது.

படத்தை எடுக்க அம்மா குனிந்தாள். மச்சான் குறுக்கே வந்து, அதைத் தொடாதீங்க மாமி என்றான். அவனும் தொடவில்லை. வேறு எவரும் தொடவில்லை. அப்படியே மழை அடித்தது. சாரல் படியில் விழ விழ, வர்ணம் இளகி ஓடத் தொடங்கியது. மஞ்சள் முதலில் போனது. பிறகு சிவப்பு, தாளை விட்டு இறங்கி, படியைத் தாண்டி, அத்தை காலை நீட்டியிருந்த பாய் வரைக்கும் வந்தது. அத்தை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய பயம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நடிக்கவில்லை அவள். அக்கா எழுந்து துணியால் பாயைச் சுற்றித் துடைத்தாள். துடைக்கும்போது அம்மாவை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு அத்தைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரி டொக்டரையா வந்து காலைப் பார்த்துவிட்டு, விசம் ஏறுகிறது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் கால் போகும், அதற்கு மேலும் போகும் என்றார். அத்தை மாட்டேன் என்றாள். பசாரில் பொலிஸ்காரர்கள் மண்மூட்டை அடுக்கித் தமிழ் ஆட்களிடம் அடையாள அட்டை கேட்ட யுத்த காலம், அத்தையிடம் அட்டை கிடையாது என்பது ஒரு பக்கம். ஆனால் உள்ளே கிடந்த காரணம் வேறு. கழிப்பை எடுக்காமல் ஊசி போட்டால் ஊசி எதிராக வேலை செய்யும், அங்கேயே செத்துப்போவேன் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். மச்சான் அழுதும் கேட்கவில்லை.

அப்பா அன்று மத்தியானமே வேலையை விட்டு வந்து, குசினி மூலையில் குந்தினார். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவர் சொன்னது இன்றும் என் நெஞ்சில் இருக்கிறது.

"செஞ்சியோ செய்யலையோ, எடுத்துரு புள்ள. அவ என்னய வளத்தவ."

அம்மா துருவலை நிறுத்தவில்லை. "நீங்களும் நம்புறீங்களா?" என்று கேட்டாள். அப்பா சிரட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரியோ தப்போ ஒன்றைச் சொல்லித் தொலைத்திருக்கலாம் அந்த மனுசன். அவர் பேசாமல் இருந்ததற்கு நான் பெரியவளான பிறகும் அவரோடு சண்டை பிடித்திருக்கிறேன்.

அம்மா கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். என்னையும் இழுத்துக்கொண்டு முதலில் பங்களாவுக்குப் போனாள். நாத்தனாரை ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டும், வெள்ளிக்கிழமை கோயில் வாசலுக்கு லொறியும், பசாரில் பொலிஸிடம் பேச டிரைவரும் வேண்டும் என்று நோனாவிடம் கேட்டாள். நோனா அந்த நிமிசமே துரையிடம் பேசி ஒழுங்கு பண்ணினார். அங்கிருந்து பூசாரியிடம் போனாள். கழிப்பை நான் எடுக்கிறேன், ஆனால் நான் எடுத்த கையோடு லொறியில் ஏறுவதாக மதினி அம்மன் மேல் சத்தியம் பண்ண வேண்டும் என்றாள். நான் வழியில் அழுதேன். நாம் வைக்கவில்லையே அம்மா என்று கேட்டேன். அவள் நின்று என் தோளைப் பிடித்தாள்.

"வைக்கலன்னு சொன்னா கால் போயிரும். வச்சேன்னு சொன்னா அவ ஆஸ்பத்திரிக்குப் போவா. நீ எதையாவது பேசித் தொலச்ச, நான் எடுத்தது பொய்யின்னு ஆயிரும். விளங்குச்சா?"

விளங்கிற்று என்று தலையாட்டினேன். உண்மையில் விளங்கவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆடி வெள்ளி. மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற நாள், இரண்டு டிவிசன் சனமும் அங்கே. அத்தையை ஒரு கதிரையில் வைத்துத் தூக்கி வந்திருந்தார்கள். கால் மரக்கட்டையாய்க் கறுத்து வீங்கி இருந்தது. கிட்டப் போனால் வாடை அடித்தது. வாசலில் றப்பர் சீற் ஏற்றுகிற லொறி நின்றது. பூசாரி அம்மாவைப் பலா மரத்தடி மண்ணை ஒரு பிடி எடுத்து வரச் சொல்லியிருந்தார். அதை மஞ்சள் தண்ணீரில் கரைத்து, அத்தையைச் சுற்றிக் கொட்ட வேண்டும். கொட்டுவதற்கு முந்தி எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"யாருக்கு வச்ச?" என்று கேட்டார் பூசாரி.

"மதினிக்கு."

"என்ன கோவம்?"

இதை அம்மா எதிர்பார்க்கவில்லை. கேட்பார் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. மஞ்சள் தண்ணீர்க் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நின்றாள். கூழ் கிண்டுகிறவர்கள்கூட அகப்பையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இவள் இப்போது இல்லை என்று சொல்லிவிடுவாள், எல்லாம் போகும் என்று நினைத்தேன்.

"என் மூத்தவன் பால்குடியில செத்தப்ப" என்று அம்மா தொடங்கினாள். "புள்ள வளக்கத் தெரியாதவள எந்தம்பி தலையில கட்டிட்டாங்கன்னு மதினி சொன்னுச்சு. பொணத்த எடுக்க முந்தியே சொன்னுச்சு. அத நான் மறக்கல."

எனக்கும் அக்காவுக்கும் முன்னால் ஒரு அண்ணன் பிறந்து செத்தது தெரியும். இந்தக் கதை தெரியாது. அம்மா பொய்க்கு ஒரு காரணம் தேடப் போய், கைக்கு அகப்பட்டது உண்மையாக இருந்தது. அத்தை கதிரையில் இருந்தபடி, "சொன்னேன்" என்றாள், சின்னக் குரலில். "சொன்னேன்தான்." அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அம்மா கண்ணில் வரவில்லை. மூன்று சுற்றுச் சுற்றித் தண்ணீரைக் கொட்டினாள்.

"எடுத்துட்டேன் மதினி. லொறி நிக்குது" என்றாள்.

அத்தை போனாள். ஆஸ்பத்திரியில் காலைக் கீறிச் சீழை எடுத்து, ஊசிக்கு மேல் ஊசி போட்டார்கள். இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் வெட்டியிருப்போம் என்று பெரிய டொக்டர் மச்சானிடம் சொன்னாராம். மச்சான் அதைத் தோட்டத்தில் வந்து சொன்னான். சனம் அதை எப்படிக் கேட்டது தெரியுமா? வெள்ளிக்கிழமை எடுத்ததால்தான் தப்பியது, ஒரு வாரம் தள்ளியிருந்தால் போயிருக்கும் என்று. ஊசி போட்டவருக்கு ஒரு நன்றி கிடையாது. பூசாரிக்குப் புது வேட்டி கிடைத்தது.

பங்களாவில் நோனா, படத்தை வீட்டில் மாட்டியிருக்கிறார்களா என்று விசாரித்தார். மாட்டியிருக்கிறார்கள், வருகிறவர்களெல்லாம் பார்க்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். தூரிகைத் தண்ணீரை அதற்குப் பிறகு அவள் பங்களாவுக்குப் பின்னால் குழி வெட்டி ஊற்றினாள். மிச்சச் சோற்றையும் அங்கேயே புதைத்தாள். காக்காய்க்கும் இல்லை, ஒன்றுக்கும் இல்லை.

அத்தை ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு வீடு வந்தாள். நானும் ஒன்று சொல்ல வேண்டும், அவள் வாக்குத் தவறவில்லை. எடுத்துவிட்டாள், முடிந்துபோனது, என் தம்பி மகளை விட மாட்டேன் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். அம்மாவிடம் முன்னைவிட மரியாதையாகவே பேசினாள். ஆனால் அம்மா கொடுத்த தேத்தண்ணியை வாங்கிக் கீழே வைத்துவிடுவாள். எங்கள் லயத்துப் பெண்களும் அப்படித்தான். யாராவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மாவைக் கடந்து போனால் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடுவார்கள். இத்தனைக்கும் அம்மா எவரிடமும் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்தால் அதற்கும் ஒரு அர்த்தம் சொல்லுவார்களே.

பேசினபடி ஆவணியில் கல்யாணம் நடந்தது. கோயிலில் தாலி கட்டி, எங்கள் காம்பராவில் சாப்பிட்டு, பொண்ணை அழைத்துப் போகிற நேரம். வெளியே தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே அக்கா, அம்மா, நான், மூன்றே பேர். அக்காவின் கொண்டையில் சரிந்த பூவை அம்மா ஊசி குத்திச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் பெட்டியில் சேலையை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். அக்கா சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"அம்மா. அத்தை மேல உனக்கு அவ்வளவு கோவமா?"

நான் சேலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன். சொல்லிவிடலாம், இவள் நம் அக்கா, இவளுக்குச் சொன்னால் என்ன என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அம்மா என்னைப் பார்த்தாள். அக்கா இன்றைக்கு அந்த வீட்டுக்குப் போகிறாள். நாளைக்கு மச்சானுக்குச் சொல்லுவாள், மச்சான் தாய்க்குச் சொல்லுவான். எடுக்காத கழிப்போடு வாழ்கிறேன் என்று அத்தை மறுபடி படுப்பாள். அந்த ஒரு பார்வையில் அம்மா இதையெல்லாம் சொல்லிவிட்டாள். பிறகு ஊசியை வாயிலிருந்து எடுத்தாள்.

"இருந்துச்சு" என்றாள்.

அக்கா திரும்பி, அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அம்மா மேல் அன்பு குறையவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சின்னப் பிள்ளைக்குப் புத்தி சொல்வது போல மெதுவாகச் சொன்னாள்.

"இனிமே யாருக்கும் அப்பிடிச் செஞ்சிராதம்மா."

"செய்ய மாட்டேன்டி" என்றாள் அம்மா. "போ, வெளிய நிக்கிறாங்க."